மழையில்லை என்று படித்த நாள்

அக்கா,

இன்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். காளப்பநாயக்கன்பட்டியின் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. உப்பு வாங்க மலையிறங்கி வரும்போதெல்லாம், "இந்தச் சூட்டுல எப்படித்தான் இருக்கீங்களோ" என்பீர்கள். அந்த வெயிலிலேயே மலைப் பக்கமிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து கையிலிருந்த சேலையைத் தூக்கியது. வெயில் குறையவில்லை, காற்று மட்டும் மாறிவிட்டது. என்ன வரப்போகிறது என்று தெரிந்து, அப்படியே நின்றுவிட்டேன்.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்களுக்கு எழுத்துத் தெரியாது. உயிரோடு இருந்திருந்தாலும் இதை நான்தான் படித்துக்காட்டியிருக்க வேண்டும்.

மலைமேல் குண்டனி நாட்டில் என் வீட்டுக்காரர் பாரஸ்ட் கார்டாக இருந்த நான்கு வருடமும் எனக்கு அக்கம்பக்கம் என்றிருந்தது உங்கள் வீடு ஒன்றுதான். அவர் காட்டுக்குள் போனால் திரும்ப மூன்று நாளாகும். முதல் கோடையில் இடி இடித்தபோது நான் நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்ததை, நெருப்பு வாங்க வந்த நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சின்ன வயதில் எங்கள் காட்டில் உழுதுகொண்டிருந்த எருது இரண்டும் இடி விழுந்து ஒரே நொடியில் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். என் வீட்டுக்காரர் என் பயத்தைச் சொல்லிச் சிரிப்பார். நீங்கள் சிரிக்கவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டீர்கள். மழை விட்டதும் நெருப்பை வாங்கிக்கொண்டு போனீர்கள். அதுவரை 'ஏனுங்கம்மா' என்று கூப்பிட்டவர், மறுநாள் 'கண்ணு' என்றீர்கள்.

அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே வந்துவிடுவீர்கள்.

ஆபீசுக்கு வரும் பேப்பர் பழசானதும் வீட்டுக்கு வரும். அதில் மழை, காற்று பற்றிய நாலு வரியை உங்களுக்குப் படித்துக்காட்டுவேன். பெரும்பாலும் எல்லாம் பெய்து முடிந்த பிறகே அந்தச் சேதி மலையேறி வரும். "நேத்துப் பேஞ்ச மழைக்கு இன்னிக்குத் தாக்கலா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். ஆனால் இரண்டு மூன்று தடவை அது சொன்னபடியே நடந்ததும், சிரிப்புக்கு நடுவே கொஞ்சம் நம்பவும் தொடங்கினீர்கள்.

மூன்றாம் வருடக் கோடை. உங்கள் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வருடத்து உப்பும் துணியும் அதில்தான் வரவேண்டும். அன்று காலையில் அதிசயமாக முந்தின நாள் பேப்பரே வந்துவிட்டது. வேலியோரம் நின்று கேட்டீர்கள்.

"காத்து ஒரு மாதிரி இருக்குது கண்ணு. மொளக அள்ளி உள்ள போடட்டுமா? பேப்பருல என்ன போட்டிருக்குது?"

சேலம் ஜில்லாவிலும் மலைப் பகுதிகளிலும் பலத்த இடியுடன் மழை பெய்யலாம் என்று போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் காலையில்தான் காட்டுக்குக் கிளம்பியிருந்தார். அந்த வரியைப் பார்த்ததுமே பேப்பரை மடித்துவிட்டேன். வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

"மழை இல்லைங்கக்கா" என்றேன்.

நீங்கள் காற்றை இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தீர்கள். பிறகு, "நீ சொன்னாச் சரி" என்று மிளகை அப்படியே விட்டுவிட்டு விறகுக்குப் போனீர்கள். நீங்கள் நம்பியது பேப்பரை அல்ல, என்னை.

மூன்று மணிக்கு வந்தது. மலையே பிளப்பதுபோல முதல் இடி. மூலையில் கண்ணை மூடிக் கிடந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்த முதுகு என் முதுகோடு ஒட்டியது. நீங்கள் விறகை வழியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தீர்கள், உங்கள் களத்தைத் தாண்டி. வெளியே மிளகு நீரோடு சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள் என்பது எனக்கு மழை விட்ட பிறகே தெரிந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஓடையோரத்தில் குனிந்து மிளகு பொறுக்கினோம். ஒரு முறம்கூடத் தேறவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, மழை வரும்னுதான் போட்டிருந்துது. நாந்தான் மாத்திப் படிச்சேன்."

"ஏன் கண்ணு?"

"சொன்னா வந்துருமோன்னு பயமா இருந்துதுங்க."

கையிலிருந்த மிளகை முறத்தில் போட்டீர்கள். பிறகு, "சரிங்கம்மா" என்றீர்கள். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அந்த 'ங்கம்மா'வோடு பன்னிரண்டு நாள் இருந்தேன். தண்ணீருக்கு வேறு ஊற்றுக்குப் போனீர்கள். உங்கள் அடுப்புப் புகை தெரியும், உங்களைக் காண முடியாது. பதின்மூன்றாம் நாள் மறுபடி இடித்தது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று குதிருக்குப் பின்னால் போனேன். கதவு திறந்தது. "காத்து உள்ள அடிக்குது, நகுந்து உக்காரு கண்ணு" என்றீர்கள்.

அந்த வருடம் முழுக்க ஒரே சேலையை ஒட்டுப்போட்டுக் கட்டினீர்கள். நான் நீட்டிய சேலையை வாங்கவில்லை. ஆனால் பேப்பர் வந்தால் வேலியோரம் வந்து நின்றீர்கள். "என்ன போட்டிருக்குதோ அதப் படி" என்பீர்கள், அவ்வளவுதான். நானும் படித்தேன்.

அடுத்த வருடம் எங்களைக் கீழே மாற்றிவிட்டார்கள். நீங்கள் காய்ச்சலில் போன சேதி இருபது நாள் கழித்து, காரவள்ளிச் சந்தையில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. தனியாகக் கிடந்தீர்களா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

இங்கே இடி இடிக்கும்போது என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறேன். பயம் போகவில்லை, அக்கா.

எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போன பையன்களின் கடிதங்களை நான்தான் படித்துக்காட்டுகிறேன். இன்று அந்தக் காற்று வந்த கொஞ்ச நேரத்தில் மேலத்தெரு அம்மா ஒருவர் கடிதத்தோடு வந்தார். பர்மாப் பக்கம் போன மகனுடைய கூட்டாளி எழுதியது. முதல் இரண்டு வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொகமா இருக்கானுங்களா?" என்று கேட்டார். இருக்கிறான் என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும்.

ஒரு சொல்லும் மாற்றாமல் படித்தேன். அவர் அழவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். அதற்குள் இடி தொடங்கிவிட்டது. அவர் தன் வீட்டுக்கு எழுந்து நடந்தார். நானும் கூடவே மழையில் நடந்துபோய், விளக்கு வைக்கும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை இடி இடித்தது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்களைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.