வரைபடம் படிக்க நீ, சுக்கான் பிடிக்க நான்

ஏன் புள்ள, கேட்டியா, நமக்கு எடம் கெடைச்சிருச்சு, ரெண்டு பேருக்கும், பாண்டிச்சேரியில, நெசமான பாய்மரப் படகுல, நெசமான கடல்ல!

காலையில் பஸ்ஸில் நிற்கும்போது பயிற்சி மையத்திலிருந்து மெயில் வந்தது. உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. விரல் தானாக உனக்கு அனுப்பிவிட்டது. ஒற்றை டிக்கோடு அங்கேயே நிற்கிறது.

போனில் ஆடும் படகு விளையாட்டின் குழுவில்தானே சந்தித்தோம். எந்தெந்த நாட்டுக்காரர்களோ பேசிக்கொண்டிருந்த இடத்தில் நான் தமிழில் ஒரு வரி தட்டினேன்.

"எந்த ஊருங்க?" என்றாய்.

"நாமக்கல்லுங்க."

"பொய் சொல்லாதீங்க. நானு பக்கத்தால புதுச்சத்திரமுங்க!"

அடுத்த ஞாயிறே உன் வீட்டில் கடலைக்காய் உரித்துத் தின்றபடி கடல் வரைபடச் சுருக்கெழுத்துகளை மனப்பாடம் செய்தோம். எஸ் என்றால் அடியில் மணல், எம் என்றால் சேறு, ஆர் என்றால் பாறை. அடிக்கோடிட்ட எண்ணில்தான் நீ மாட்டினாய். உன் அப்பா போர் போடும் ரிக் வண்டிக்காரர். அவர் குறிப்பில் எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால் அந்த ஆழத்தில் தண்ணீர் வந்தது என்று அர்த்தம். "இங்கதான் தண்ணி இருக்குது, உடு வண்டிய!" என்று நீ கத்த, நான் விளையாட்டில் படகைத் திருப்ப, அது மணல் திட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. கடல் வரைபடத்தில் அந்தக் கோடு, நீர் வடிந்தால் வெளியே தெரியும் தரைக்காம். உன் அப்பா எட்டிப் பார்த்தார். "தண்ணியில்லாத எடத்துல பாயிண்டு பாத்தா நம்ம பேரு என்னாவறது சாமி?"

ஜேடர்பாளையத்தில் பரிசல் ஏறியபோதும் நீ சும்மா இருக்கவில்லை. "ஸ்டார்போர்டு! ஸ்டார்போர்டு!" என்று வலது பக்கம் கைகாட்டினாய். பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். "சோத்தாங்கைப் பக்கமுன்னு சொன்னா ஆவாதுங்களா அம்மிணி? இது வட்டமா சுத்துற சாமானம்." உன் சிரிப்பில் பரிசலே ஆடியது.

விண்ணப்பம் அனுப்பிய வாரம் உனக்குக் காய்ச்சல். சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்தும் எனக்கு வரைபடக் கேள்விகள் அனுப்பிக்கொண்டே இருந்தாய். ஒருநாள் கேள்வி வரவில்லை. நான் கூப்பிட்டேன். உன் அப்பா போனை எடுத்தார். அழுகை மட்டும் கேட்டது.

இந்தப் பெண்கள் பயிற்சிக்கு ஜோடியாகத்தான் சேர்ப்பார்கள். ஒருவர் வரைபடம் படித்துச் சொல்ல, மற்றவர் சுக்கான் பிடிக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் வேறு பெயர் தர வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். நானும் வரவில்லை என்று எழுதிவிடப்போவதாக இன்று மாலை உன் அம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ இருந்தா உன்னைய உட்டிருப்பாளா? வேற புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போ சாமி. கடலு எப்படி இருந்துச்சுன்னு வந்து எனக்குச் சொல்லோணும்."

உன் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பெயரை எழுத வேண்டும். எப்படி எழுதுவேன், புள்ள?

இதைப் படிக்கிறவர்களே, சேலம், நாமக்கல் பக்கம் கடலில் போக ஆசையுள்ள பெண்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். வரைபடம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இவள் எனக்குச் சொல்லித்தந்தது முழுக்க என்னிடம் இருக்கிறது, நான் சொல்லித்தருகிறேன். ஒன்று மட்டும். முதல் நாள் நீங்கள் படகில் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது நான் அழுவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.