அம்மா கேமரா வாங்கிவிட்டாள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்கத் தேவையில்லை, உடம்பில் தெம்பு இல்லாதவன் எட்டுக் கேமராக்களை ஒரே நாளில் அலசி, கட்டம் கட்டி, பச்சை மஞ்சள் சிவப்பு என்று வர்ணம் அடித்து அம்மாவுக்கு அனுப்பமாட்டான். அந்தக் கட்டத்துக்கு அடியில், முதல் கேமரா வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் அதிகம், உங்களுக்குப் போனே போதும் என்று முடித்திருந்தாய் பார், அப்புறம் எதற்கு எட்டையும் அலசினாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், உன் சுரைக்காய்க்கு வர்ணம் வேறு. அது போகட்டும். நீ அப்பாவிடம், அடுத்த மாதம் உங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடுகிறேன், அம்மாதான் ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிறாளே, ஆறு மாதம் இங்கே வந்து சமையலைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கும் உதவி, அவளுக்கும் பொழுது போகும் என்று போனில் சொன்னாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அன்றைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டார். நான் வருகிறேனா இல்லையா என்று இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று என் பேச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வாய், அதனால்தான் காகிதம். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் ஒழுங்காகப் படித்துக்கொண்டு வா.

முதலில் அந்தச் சும்மாவை எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்று ஊரில் பாதிப் பேரின் எலும்பைப் படம் எடுத்தவள் நான். ரிட்டயர் ஆகி நாலு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் சும்மா ஆகிவிட்டேன். நம் தெருமுனையில் க்ளினிக் திறந்திருக்கும் தோல் டாக்டரம்மா பழைய ஆஸ்பத்திரியில் எனக்குப் பழக்கம். போன மாதம் வழியில் பார்த்து நிறுத்தினார். புண்ணும் தழும்பும் வாராவாரம் எப்படி ஆறுகின்றன என்று படம் எடுத்து வைக்க வேண்டுமாம், நர்ஸ் போனில்தான் எடுக்கிறாளாம், போன் தோலைப் பார்த்தவுடன் தானாகவே மெருகு போட்டுவிடுகிறதாம். தடிப்பு குறைஞ்சது என் மருந்தாலயா போனாலயான்னு எனக்கே தெரியலம்மா என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நீங்க ஒரு நல்ல கேமரா வாங்கிப் பழகிக்கிட்டு வாங்க, வாரத்துக்கு மூணு நாள் காலையில, ரெண்டு வாரம் பாப்போம், சரியா வந்தா வேலை உங்களுக்குத்தான் என்றார். அதற்காகத்தான் எந்தக் கேமரா வாங்கலாம் என்று உன்னிடம் கேட்டேன். எதற்கு என்று நீ கேட்கவில்லை, வீட்டில் பொழுது போகாத கிழவிக்குப் பூச்செடியைப் படம் எடுக்க ஆசை வந்துவிட்டது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய்.

கடைக்கு உன் அப்பாவையும் உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனது என் புத்தி. உன் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, என் கூடப்பிறந்தவர்தான், இருந்தாலும் சொல்கிறேன், அவர் வயிற்றின்மேல் அந்தப் பெரிய கேமரா தொங்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது, இதுவரை அவர் எடுத்ததில் தலை முழுசாக உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. குரங்கு கையில் பூமாலை. அவர் கடைக்குள் நுழைந்ததும் லென்ஸ் லென்ஸ் என்று நாலு முறை சத்தமாகச் சொன்னார். கடைக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், தலைமுடியைக் குத்தீட்டி மாதிரி நிறுத்தியிருந்தான், அவன் என்னைப் பார்க்கவே இல்லை. சார் எத்தனை மெகாபிக்சல் எதிர்பார்க்கறீங்க என்று உன் அப்பாவைக் கேட்டான். டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டும் பொத்தான் எது என்று இன்றைக்கும் என்னைக் கேட்கும் மனிதர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிறையவே இருக்கட்டும் என்றார். வாங்குவது நான் என்று சொன்னேன். அவன் உடனே குரலை மாற்றி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அப்போ மேடம், இந்தச் சக்கரத்தைப் பச்சைக் கட்டத்துக்குத் திருப்பி வெச்சுட்டு அமுக்கினாப் போதும், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும் என்றான். வெளிச்சம் எவ்வளவு, எத்தனை நேரம், ஆள் எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் தினம் அறுபது பேருக்குக் கணக்குப் போட்டவளிடம் சொல்கிறான். பிறகு இரண்டு லென்ஸ், பை, மூன்றுகால் ஸ்டாண்டு, லென்ஸ் துடைக்கிற துணி எல்லாம் சேர்ந்த பெட்டியைக் காட்டினான். ஸ்டாண்டைத் தொட்டேன், கோழிக்கால் மாதிரி ஆடியது. அதில் கேமராவை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து விழும். பிறகு அவனே, இது பழைய மாடல் மேடம், இப்பல்லாம் உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான் எல்லாரும் வாங்கறாங்க, திரையிலயே பாத்து எடுக்கலாம் என்று அதையும் இழுத்தான். உன் கட்டமும் அதைத்தான் சொன்னது. என் கண் ஆளை நேராகப் பார்க்க வேண்டும், சின்ன டிவியில் அல்ல.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன், உன் கட்டத்தில் இதற்கு ஒரு வரிசைகூட இல்லை. மூன்றைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். ஒன்று கனம், ஒன்றில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்கும் துவாரத்தின் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று தேடினேன், அதைத் திருகினால் பார்வைக்குத் தக்கபடி தெளிவாகும். அந்தப் பையனுக்கே அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, நான் காட்டினேன். பிறகு வெளிச்சத்தையும் நேரத்தையும் மெனுவுக்குள் நுழையாமல் விரலாலேயே மாற்ற முடிகிறதா என்று பார்த்தேன். கடைசியில் கையில் சரியாக உட்கார்ந்த மூன்றாவதையே எடுத்தேன், அந்தக் கம்பெனியிலேயே ஆகக் கீழ்மட்ட மாடல், கூடவே வரும் சாதாரண லென்ஸோடு, ஒரு தழும்பு ஆறியதா இல்லையா என்று காட்ட அது தாராளம். உன் மாமா, இது ஆரம்ப வகுப்புக் கேமராம்மா என்று உதட்டைப் பிதுக்கினார். நான் ஆரம்பிக்கத்தானே போகிறேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அவர் ஆறு வருடமாக மேடையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை பேரை ஏசினேன், என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்துப் பழக மாடியில் குடியிருக்கும் தையல்காரியை முதலில் நிறுத்தினேன், பாவம், தலைவாரி, புதுத் தோடு போட்டுக்கொண்டு வந்தாள். நான் பழக்கதோஷத்தில் தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வெச்சுட்டு வா என்று சொல்லிவிட்டேன். அவளும் கழற்றிவிட்டு வந்தாள். சுவரோரம் நிற்க வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொல்லி, மூச்சை நல்லா இழு, பிடி, அசையாதே என்றேன். பொத்தானை அமுக்கும் நேரத்தில் என் கால் தானாகக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது, முப்பத்தோரு வருடம் சுவருக்கு அப்பால் நின்றே அமுக்கியவள். ஐம்பது படம் எடுத்தேன், ஐம்பதிலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க நிற்கிறாள். பார்த்துவிட்டு, அக்கா நீங்க எடுத்தா படம் வர்ற மாதிரி இல்ல, ரிப்போர்ட் வர்ற மாதிரி இருக்கு, எனக்கு ஏதாவது இருக்கா என்று கேட்டாள். உன் அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நான்கு நாள் கேமராவைத் தொடவில்லை. நீ சொன்னதுதான் சரியோ, போனே போதுமோ என்றுகூட நினைத்தேன், அவ்வளவு தூரம் தாழ்ந்துபோனேன். ஐந்தாவது நாள் அவளையே மறுபடி உட்கார வைத்தேன். வாய் கேட்கவில்லை, இழு, பிடி என்றுதான் வந்தது, கை மட்டும் அமுக்கவில்லை. விடு என்றேன். அவள் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்தி, அப்பாடா என்று சிரித்தாள். அப்போதுதான் அமுக்கினேன். இத்தனை வருடமும் பிடி என்னும்போதே வேலை முடிந்துவிடும், விடு என்று சொன்ன பிறகு ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் நின்று பார்த்ததே கிடையாது.

போன இரண்டு வாரமும் க்ளினிக்குக்குப் போனேன். ஜன்னல் வெளிச்சம், தரையில் ஒட்டிய நாடாவில் பாதம், ஒரே தூரம், நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று, வாராவாரம் இம்மியும் மாறாது, இதில் என்னை யாரும் அசைக்க முடியாது. சலவை ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள், நீராவிக் குழாய் விட்டுப்போய் கழுத்திலிருந்து தாடை வரைக்கும் வெந்து ஆறிய தோல். துப்பட்டாவை எடுப்பதற்கே அத்தனை நேரம். படம் எடுத்து முடித்ததும் போகாமல் நின்றாள். டாக்டருக்குக் கழுத்து போதும், எனக்கு முகத்தோட ஒண்ணு எடுத்துக் குடுப்பீங்களா, மூணு வருஷமா நான் யாரையும் எடுக்க விடல என்றாள். உட்கார வைத்தேன். இழு, பிடி, விடு. திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பரவால்ல, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள், கழுத்தில் சுற்றவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, ஒண்ணாம் தேதியிலிருந்து வாங்க என்றார். ஆறு மாதம் உன் அடுப்படியில் இருந்துவிட்டுத் திரும்பினால் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வேறு ஒருத்தி நிற்பாள்.

அதனால் நான் வரவில்லை. எனக்கு டிக்கெட் போடாதே. உன்னைப் பார்க்க ஆசையில்லாமல் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் ஆசைதான், இதை எழுதவே இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்பாவுக்கு மட்டும் போடு, அவர் வருகிறேன் என்கிறார். சமையலுக்கு ஆள் வேண்டும் என்றதும் உனக்கு அம்மா ஞாபகம் வந்தது பார், அதுதான் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. நான் விடிகாலை ஷிப்டுக்கு ஓடிய வருடங்களில் உன் டிபன் டப்பாவைக் கட்டியது யார், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது யார், உனக்கு வெங்காயம் பெரிதாக நறுக்கினால் பிடிக்காது என்று பொடிப்பொடியாக அரிந்தது யார் என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசி. உன் அப்பா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, நீ ஒருநாளும் பார்த்ததும் இல்லை. அவரிடம் நீயே கேள், அப்பா எனக்கு உங்க கைச் சாப்பாடு வேணும்னு உன் வாயால் கேள். அவர் பெட்டியைத் தூசி தட்டியது அதற்காகத்தான்.

நீயும் மருமகளும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அவளிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். அப்பாவின் பிரஷர் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட விடாதே.

இப்படிக்கு,
ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடியும் வேலைக்குப் போகும் உன் அம்மா