இரண்டு டஜன் கையுறைகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் ஊர்ப் பட்டறை மாதிரியே இங்கேயும் செயற்கைக்கோளின் சூரியத் தகடுகளுக்குக் கண்ணாடி ஒட்டும் வேலைதான். தலைமுடிப் பருமன் கண்ணாடி. ஒரு ஓரத்தை முதலில் படியவைத்து, குமிழி வராமல் மெல்லச் சாய்க்க வேண்டும். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தது. இவர்கள் தரும் பிளாஸ்டிக் கையுறைதான் ஒரே அரிப்பு. இங்கே அனுப்ப நம் இருவரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்த அன்று உன் கண்ணாடியில் அந்த ஒரு குமிழி வராதிருந்தால் நீதானே இங்கே வந்திருப்பாய்! கோபமில்லையே?

உன் வாலு

மார்ச் 12

அடி வாலு,

கோபமா? பொறாமைடி! வயிறு பற்றி எரிகிறது. பதினோரு வருஷம் இந்த மேஜையில் குனிந்தவள் நான். நீ நேற்று வந்தவள். "தங்கச்சி எப்படிம்மா இருக்கா?" என்று தினம் நாலு பேர் கேட்கிறார்கள். "ஓகோன்னு இருக்கா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உன் அத்தான் வேறு உன் போட்டோவை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.

அரிப்புக்கு மெத்தென்ற ரப்பர் கையுறை இரண்டு டஜன் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

கையுறை அருமை. பார்க்க இங்கே தருவது மாதிரியே இருப்பதால் யாரும் கேட்கவில்லை. ஆனால் என் மானம் போகிறது. என் மேஜையில் மட்டும் பசை இறுகவே மாட்டேன் என்கிறது. ஆறு நாளாகியும் பிசுபிசுப்பு; தொட்டால் கண்ணாடி வழுக்குகிறது. மற்றவர்களுக்கு அதே டின், அதே பசை, கல்லாக இறுகுகிறது. "ஏப்ரல் பத்து வரைக்கும் பாப்பேன்மா, அப்புறம் நீங்க ஊருக்குக் கிளம்பலாம்" என்றுவிட்டார் இன்ஜினியர். உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்? உடனே எழுது.

உன் வாலு

ஏப்ரல் 3

வாலு,

கையுறையைக் கழற்று. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. அது பட்டால் அந்தப் பசை ஜென்மத்துக்கும் இறுகாது. சேர்ந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

பார்சல் கட்டும்போது தெரியாதா என்று கேட்பாய். தெரியும். தெரிந்துதான் கட்டினேன். நீ திரும்பினால் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்தும் மூன்று நாள் சும்மா இருந்தேன். இதை இன்ஜினியரிடம் காட்டிவிடு.

பாவி அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பசை இறுகிவிட்டது. உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. தெரியாமல் நானே வேறு கையுறை வாங்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன்.

இங்கே இன்னொரு மேஜை காலியாகிறது. "உங்க அக்கா வருவாங்களா?" என்று இன்ஜினியர் கேட்டார். "ரொம்ப நல்ல கை சார் அவங்களுக்கு. ஆனா வர மாட்டாங்க" என்றேன்.

மிச்சக் கையுறைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாத்திரம் தேய்க்க உதவும். அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கை