ஜெனி வீட்டு பிஸ்கட்

டிச. 18, வியாழன்

காலையில் நல்ல பனி. ஜன்னல் கம்பி ஈரம். வலது காலில் மாவுக்கட்டு, பதினோராவது நாள். அரிப்பு தாங்கவில்லை. ஸ்வெட்டர் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தேன். டாக்டர் பார்த்தால் திட்டுவார். திட்டட்டும்.

அங்கன்வாடிக்கு ஒரு மாதம் லீவு. பிள்ளைகள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் கத்துகிறதுகள்: "டீச்சர், கிறிஸ்மஸ் பிஸ்கட் எப்போ?" போன வருஷம் செய்யவில்லை. மகள் ஜெனி வீட்டை விட்டுப் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அடுப்பைப் பார்க்கவே பிடிக்காத நாட்கள். இந்த வருஷம் செய்துவிடுவது, ஒற்றைக் காலோடு.

வாங்க வேண்டியது: மைதா 2 கி., சர்க்கரை 1 கி., வெண்ணெய் அரை, டால்டா அரை, முட்டை 6, ஏலக்காய், சோடா உப்பு. சீட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எதற்கென்று தெரியும் அவருக்கு. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

டிச. 20, சனி

தூறல். சர்க்கரை பொடித்தாயிற்று. மிக்ஸியில் கருகிய வாடை, காயில் போகப்போகிறது.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வந்து ஏலக்காய் உரித்தார். மறுபடியும் அந்தக் கதையைச் சொல்ல வைத்தேன். எத்தனையாவது தடவையோ. "மார்ச்சுல திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருந்தா. ஜெனின்னு கூவுனேன். பாத்து சிரிச்சா. அதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான்."

"இளைச்சிருந்தாளா?"

"நல்லாத்தான்டி கீறா. எத்தினி வாட்டி கேப்ப?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: புதுப்பட்டினம் குப்பம். மாப்பிள்ளை பெயர் குமார். கடலுக்குப் போகிற பையன். அவளுடைய பழைய நம்பர் இப்போது யாரோ ஒரு ஆம்பளையிடம் இருக்கிறது. கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்று அவள் போன் செய்தாள். "எங்களுக்குப் பொண்ணே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார் இவர். நான் பக்கத்திலேயே நின்றேன். போனைப் பிடுங்கிப் பேசியிருக்கலாம். பேசவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவு. வீட்டுக்குள் சரி. தெருவில் என்ன செய்வார்? இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மூத்த பிள்ளை பெயர்தான். கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூட "ஜெனி வூடு" என்றுதான் கூப்பிடுகிறான். நான் ஜெனி அம்மா. இவர் ஜெனி அப்பா. இவரே இருபத்திரண்டு வருஷம் என்னை "ஜெனிம்மா" என்றுதான் கூப்பிட்டார். இப்போது கூப்பிடப் பெயர் இல்லை. "இந்தா" என்கிறார். இல்லாவிட்டால் டம்ளரைத் தட்டுகிறார். சிரிப்பாகவும் வருகிறது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கிறது.

டிச. 22, திங்கள்

வெயில், அப்பாடா. ஸ்டூலில் உட்கார்ந்தே மாவு பிசைந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஃபோர்க்கால் அழுத்திக் கோடு போடுவது ஜெனி வேலை. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஸ்கேல் வைத்தது மாதிரி. நான் போட்டது எல்லாம் கோணல்.

நாலு ட்ரே. ஜி.எஸ்.டி ரோட்டு பேக்கரியில் ரொட்டி வெந்த பிறகு அதே சூட்டில் வீட்டு ட்ரேக்களையும் விடுவார்கள். டிசம்பரில் ஊரே அங்கே. மாறிப்போகாமல் இருக்க வீட்டுப் பெயரைச் சீட்டில் எழுதி ட்ரேயில் ஒட்டிவிடுவார் பேக்கரிக்காரர். சரோஜா அக்கா ஸ்கூட்டியில் இரண்டு நடை கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எந்தப் பேர் சொன்னீங்கக்கா?"

"வேற இன்னா சொல்வாங்க? ஜெனி வூடுன்னுதான்."

அக்கா சாயங்காலம் மதுராந்தகத்துக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நாளைக்கு ட்ரேயை வாங்கி வர இவர்தான் போக வேண்டும்.

டிச. 23, செவ்வாய்

போனார். வெறுங்கையோடு வந்தார்.

"நம்ம ட்ரே இல்லியாம்."

"எந்தப் பேர் சொன்னீங்க?"

"எம் பேருதான். தேவராஜ். அந்தப் பேர்ல எதுவும் வர்லன்றான்."

"வூட்டுப் பேரச் சொல்லணுங்க."

ஷூவை மாட்டிக்கொண்டு மறைமலைநகருக்கு, செக்யூரிட்டி டியூட்டிக்குப் போய்விட்டார். நாளை மதியத்தோடு பேக்கரிக்காரர் ஊருக்குப் போகிறார். கடை திங்கட்கிழமைதான் திறக்கும். சரோஜா அக்கா போன் எடுக்கவில்லை. நொண்டிக்கொண்டு கேட் வரை போனேன், அதற்கு மேல் முடியவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். என் கையில் எதுதான் இருக்கிறது?

டிச. 24, புதன்

மேகமூட்டம். பூனை பால் பாத்திரத்தை உருட்டிவிட்டது.

ஒன்பது மணிக்கு, நான் ஒன்றும் கேட்காமலே, வண்டியை எடுத்தார். பத்தரைக்கு வந்தார். நாலு ட்ரேயும் பெஞ்சின் மேல்.

"குடுத்தாங்களா?"

"ம்."

ட்ரே ஓரத்தில் சூட்டில் பழுப்பேறிய சீட்டு: ஜெனி வீடு. பெயர் சொல்லாமல் பேக்கரிக்காரர் ட்ரேயைத் தொடவே விடமாட்டார். அத்தனை கூட்டத்தில் இவர் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னார் என்று கேட்க ஆசை. தைரியம் இல்லை.

பங்கு: சரோஜா வீடு 20, ராஜா வீடு 15, கவிதா வீடு 15, ஐயர் வீடு 20 (சர்ச் ஐயர்), அங்கன்வாடி பிள்ளைகளுக்கு 40. ஜெனிக்கு நீல டப்பாவில் 24. நல்லதாகப் பொறுக்கி வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். யாரிடம் கொடுத்து அனுப்புவது? தெரியாது. இருக்கட்டும்.

டிச. 25, வியாழன்

ஆட்டோவில் சர்ச். கடைசி வரிசை. ஐயர் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. தட்டுகள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டன. "இந்த வாட்டி பிஸ்கட்ல ஜெனி போடுற கோடு இல்லியே" என்றாளாம் கவிதா வீட்டம்மா.

சாப்பிட்டு முடித்து இவர் வண்டியை எடுத்தார். எங்கே என்றேன். "காத்து புடிச்சிகினு வர்றேன்." விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார். கறிக்குழம்பு வேண்டாமாம். மோர் சாதம் இரண்டு வாய்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் நீல டப்பாவைக் காணோம். கண்டுபிடித்து எறிந்துவிட்டார். வேறென்ன. கேட்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

டிச. 26, வெள்ளி

வெயில். வண்டி கழுவினார். சைடு பாக்ஸைத் திறந்து நீல டப்பாவை என் மடியில் வைத்தார். நான் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே. உள்ளே 24. எல்லாம் நமத்துப்போயிருந்தது.

"போனேன்" என்றார். தண்ணீர்க் குழாயை மூடாமலே பேசினார்.

"நாலு குமாரு கீறாங்க அங்க. வலை பின்னிகினு இருந்த அம்மா, எந்தக் குமாரு, கொயந்த பேரு இன்னான்னு கேட்டுச்சு. பொண்ணுக்கு ஊரு படாளம்னேன். ஓ அந்தப் பொண்ணா, ரெண்டு மாசக் கொயந்தக்காரியாச்சேன்னுச்சு. நீ யாரு நைனான்னுச்சு."

"இன்னா சொன்னீங்க?"

"பிஸ்கட் குடுக்க வந்தவன்னு சொன்னேன்."

"வூட்டக் காட்டலையா?"

"காட்டுச்சு. கொடியில சின்னச் சின்னத் துணியா காஞ்சிகினு இருந்துது. திரும்பிட்டேன்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடிவிட்டு, "ஜெனிம்மா" என்றார். அப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"கொயந்த பேரு இன்னான்னு கேக்காம வந்துட்டேன்."

ஆணா பெண்ணா என்றேன். அதையும் கேட்கவில்லையாம்.