ஹாட்வெயார் கடையில் நீங்கள் கேட்ட வாள்

என்னங்க,

இன்று காலையில் பக்கத்து வீட்டில் இரும்பு வெட்ட கிரைண்டர் பிடித்தார்கள். கருகிய இரும்பின் நாற்றம் மதிலைத் தாண்டி நம் குசினி வரைக்கும் வந்தது. "இஞ்சேரும், சாக்கில காயிற கராம்பை உள்ளுக்கு எடும், பொறி விழப்போகுது" என்று நீங்கள் கத்துவீர்கள் என்று கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றேன். உங்கள் ஆண்டுத் திவசமே முடிந்துவிட்டது. இந்தப் புத்திக்கு இன்னும் உறைக்கவில்லை, பாருங்கள்.

நான் கர்டர் என்றும் நீங்கள் தீராந்தி என்றும் சொன்ன அந்த நீள இரும்பு முற்றத்திலேயே கிடக்கிறது. அதை அளவாக வெட்டி ஏற்றினால்தான் மேல்மாடி அறை. எனக்கென்று நீங்கள் நினைத்த அறை. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்து வளர்ந்தவள் நான் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதை விடாமல் பிடித்துக்கொண்டீர்கள். "உமக்கெண்டு ஒரு அறை இருக்கவேணும். கதவைச் சாத்திப்போட்டுப் பிள்ளையளின்ர கொப்பி திருத்தும்" என்றீர்கள். என் தம்பியோ நீங்கள் போன நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு. "ஒத்த ஆளுக்கு மாடி எதுக்கு அக்கா? பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துருங்க."

குடுத்துரவாம்! அதை வெட்ட ஒரு வாள் தேடி நீங்கள் பட்ட பாடு அவனுக்கு என்ன தெரியும்?

கிரைண்டர் உங்களுக்கு ஆகவே ஆகாது. பொறி பறந்து கராம்புச் சாக்கைப் பொத்தலாக்கும், தடித்த இரும்பில் டிஸ்க் சிக்கினால் கையை உதறிவிடும் என்பீர்கள். பெஞ்சில் வைத்து அழுத்தி வெட்டும் கட்-ஓஃப் மெஷின்தான் நல்லது என்று நமக்கு வேலை செய்யும் வெல்டிங் பாஸ் சொன்னார். அரசாங்கக் கச்சேரியில் கோப்பு பார்த்தவர் நீங்கள், லேசில் விடுவீர்களா? "தீராந்தியை மெஷினிட்டக் கொண்டு போறதோ, மெஷினைத் தீராந்தியிட்டக் கொண்டு போறதோ?" என்று கேட்டீர்கள். மனுஷன் தலையைச் சொறிந்தார். கடைசியில் கையில் பிடித்து வெட்டும் வட்ட வாளுக்கு வந்தீர்கள். பல் வைத்த பிளேட். நிதானமாகச் சுற்றும், பொறி குறைவு, வெட்டும் இடம் கருகாது.

மாத்தளை டவுனில் அந்த ஹாட்வெயார் கடைக்குப் போனோம். "சிங்களத்தில நான் கேட்கிறேங்க" என்றேன். "ஏன், எனக்கு வாய் இல்லையோ?" என்று முன்னால் போய், "யக்கட கப்பன கடுவக் தென்ன" என்றீர்கள்.

ஐயோ! நமக்கு மரம் அறுப்பதும் வாள்தான், ராஜா இடுப்பில் தொங்குவதும் வாள்தான். சிங்களத்தில் அறுக்கிற வாள் கியத்த. கடுவ என்றால் சண்டைக்குப் போகிற வாள். இரும்பை வெட்டும் போர்வாள் கேட்ட யாழ்ப்பாணத்து ஐயாவைக் கடையே திரும்பிப் பார்த்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் உங்கள் கையைக் கண்டேன். அது தானாகச் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தெந்த செக்பொயின்ட்டில் எப்படியெல்லாம் நின்ற கையோ அது. சிரிப்பை விட்டு உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன்.

கடைக்காரப் பெரியவருக்கு விளங்கிவிட்டது. "யுத்தே இவரய், மாத்தயா" என்றார் மெதுவாக. சண்டை முடிந்துவிட்டது, ஐயா. பிறகு வட்ட வாளை எடுத்து உங்கள் கையிலேயே வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது, "ரெண்டும் வாள்தானேயப்பா, பிறகென்ன?" என்று நீங்களே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். ஆனாலும் வீடு வரும்வரை என் கையை விடவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் அந்த வாளுக்குப் பெயர் கடுவ.

சின்னச் சின்ன பொக்ஸ் பார் இரும்புகளை வெட்டிப் பழகினீர்கள். ஒவ்வொன்றையும் வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, என்னைக் கூப்பிடுவீர்கள். "தொட்டுப் பாரும், சுடாது." சோறு அடிப்பிடிக்கிறது என்றாலும் விடமாட்டீர்கள், வந்து தொடவேண்டும். பெரிய இரும்பில் கை வைக்குமுன் அந்த நெஞ்சுவலி வந்தது.

இன்றைக்கு அந்த நாற்றம் என்னை என்னவோ செய்துவிட்டது. போனை எடுத்து வெல்டிங் பாஸை வரச் சொன்னேன். கிரைண்டரோடு வந்து நின்றார்.

"ஐயாட மெஷின் இந்தத் தடிப்புக்கு முழுசா எறங்காதுங்க டீச்சர். திருப்பித் திருப்பி வெட்டணும். இதுன்னா டக்குன்னு முடிஞ்சிரும்."

"திருப்புவோம் பாஸ். நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன். கடுவயை எடுங்க."

"எதைங்க?" என்று அவர் முழித்த முழியைப் பார்த்துச் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தேனோ தெரியாது.

நேரம் எடுத்தது, ஆனால் நேராக வெட்டுப்பட்டது. பாஸ் அரத்தால் தேய்த்து முடித்ததும், "தொட்டுப் பாருங்க, சுடாது" என்று என் வாய் சொல்லிவிட்டது. விறாந்தையில் உங்கள் கதிரையைப் பார்த்துத்தான் சொன்னேன். தனக்குச் சொன்னேன் என்று நினைத்து பாஸ் குனிந்து தொட்டார்.

"ஆமாங்க டீச்சர், சுடல்ல."

நாளைக்கு ஏற்றுகிறார்கள். தம்பிக்கும் சொல்லிவிட்டேன், தோள் கொடுக்க வருவான். பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர், தம்பிக்கு அக்கா. 'நீர்' என்று என்னைக் கூப்பிட இனி ஆள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அறை முடியட்டும். முதல் நாள் கதவைச் சாத்திப்போட்டு ஒரு பாட்டம் அழுவேன். பிறகு கொப்பி திருத்துவேன்.