மூன்றாம் ஓலைக்கு முன்

சேசு மரி சூசை துணை

வட்டவளை
12.10.57, சனிக்கிழமை

அன்பு மகள் மதலேனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் தயவில் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். மனதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதைக் கெடுத்தது உன் கடிதம்தான். இங்கே மழை விடவில்லை, தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட மாட்டேன் என்கிறது, துரை எங்கள்மேல் எரிந்து விழுகிறார். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. உன் இருமல் நின்றதா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

உன்னைக் கேட்காமல் செல்லசாமி மகன் இன்னாசிக்கு உன்னைப் பேசி முடித்து, கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசிக்கப் பெயரும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதினேன். தப்புதான், ஆனால் நம் சனத்தில் யார் பெண்ணைக் கேட்டுவிட்டு ஓலைக்குக் கொடுத்தார்கள் சொல். நம்முடைய பிரஜாவுரிமை மனுவைத் தள்ளிவிட்டார்கள், செல்லசாமி வீட்டாருக்குக் கிடைத்திருக்கிறது, அந்த வீட்டில் போய்ச் சேர்ந்தால் உன்னை யாரும் இந்தியாவுக்குக் கப்பலேற்ற மாட்டார்கள் என்றுதான் அவசரப்பட்டேன். முதல் ஓலை வாசித்த மறுநாள் உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சம்பளமும் சாப்பாடும் சிநேகிதிகளும் இருந்தும் எதிலும் மனம் நிறையவில்லை என்கிறாய். நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கோயிலில் முழந்தாளிடும் அந்த அரைமணி நேரம் மட்டும் குறை தெரியவில்லை, எழுந்து வந்தால் ஆண்டவர்மேல் ஏக்கம் இன்னும் கூடுகிறது, அந்த ஏக்கமே சந்தோசமாயிருக்கிறது, கன்னியாஸ்திரி மடத்தில் சேர உத்தரவு தாருங்கள் என்கிறாய். ஆறு தரம் படித்தேன். ஏக்கம் எப்படியம்மா சந்தோசமாகும்? இன்னாசியைப் பிடிக்கவில்லையென்றால் நேரே சொல்லிவிட வேண்டியதுதானே என்று ஆத்திரம் வந்தது, கடிதத்தை அம்மாவுக்குக் காட்டாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். போன ஞாயிறு இரண்டாம் ஓலையும் ஆயிற்று. இவர்கள் கல்யாணத்துக்குத் தடையாக விக்கினம் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே வந்ததும் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நாளைக்கு மூன்றாம் ஓலை, அதோடு முடிந்தது.

இன்று பொறுக்க முடியாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தேன், இரண்டும் இல்லை. “அவளுக்குக் கெடைச்சது என்னான்னு எனக்கு வெளங்கலங்க. ஆனா நமக்கு அது கெடைக்கல, அது மட்டும் தெரியுது” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஸ்டோரில் வேலை கிடைத்த அன்று லயத்து வீடுகள் முழுக்க மிட்டாய் கொடுத்தவன் நான், அடுத்த மாதமே மேல் வேலைக்காரனைப் பார்த்து வயிறெரிந்தேன். உன் அண்ணன் பிறந்த சந்தோசம் பத்து மாதம், பிறகு அவனை மண்ணுக்குள் வைத்தோம். கை நிறைய வந்ததெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது. ஆனாலும் செல்லசாமிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. நாளைக்கு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, இதை இப்போது தபாலில் போடப் போவதில்லை.

ஞாயிறு, மத்தியானம். பூசைக்கு முன்பே சாமியாரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நேரத்தோடு போனேன். அட்டன் பாதையில் மண் சரிந்து அவர் பிந்தி வந்து நேரே பூசைப் பீடத்துக்குப் போய்விட்டார். ஓலை வாசித்தார், இன்னாசி பெயர், உன் பெயர், என் பெயர். விக்கினம் அறிந்தவர்கள் என்றதும் எழுந்துவிட்டேன். “சாமி, பொண்ணு வேற எடத்துக்கு வாக்குக் குடுத்திருச்சுங்க” என்றேன். நீ யாருடனோ போய்விட்டாய் என்று நினைத்தார்களோ என்னவோ, கோயில் முழுக்கக் குசுகுசுவென்றது. யாருக்கு என்று சாமியார் கேட்டார். நான் பீடத்தைக் கை காட்டினேன். செல்லசாமி எழுந்து வெளியே போய்விட்டார், இனி என் வாசல் மிதிக்க மாட்டார். இன்னாசி பூசை முடியும்வரை இருந்தான், அந்தப் பையனுக்கு நான் செய்தது பாவம், அவனுக்காக வேண்டிக்கொள்.

உத்தரவுக் கடிதம் இத்துடன் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டேன், அம்மா கைநாட்டு வைத்தாள். நீ சொன்ன சந்தோசம் எனக்குள் வந்ததா என்று வழியெல்லாம் தேடிப் பார்த்தேன், காணோம், வெட்கம்தான் இருக்கிறது. மடத்தில் ஒரு வருசம் போனதும், ஐந்து வருசம் போனதும், அது இன்னும் இருக்கிறதா என்று எழுது. எங்கள் ஆறுதலுக்காகப் பொய் எழுதாதே. இல்லாமல் போனால் ஊருக்குப் பயப்படாமல் வீட்டுக்கு வந்துவிடு. இருந்தால், அது எப்படிக் கிடைத்தது என்று அம்மாவுக்குப் புரியும்படி எழுது. அவளுக்குப் படித்துக் காட்டுவது நான்தான், எனக்கும் கேட்கும்.

தேவமாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். இருமலுக்கு மருந்து எடு, மறக்காதே.

உன் அப்பா
சந்தியாகு