நூலை விட்டு மிஷினுக்கு மாறியது

நைனா,

இன்று காலை பல் துலக்கும்போது எனக்கு ஈறில் ரத்தம் வந்தது. வாஷ்பேசினில் ஒரு சிவப்புக் கோடு. வலிக்கவில்லை. நீ போனதிலிருந்து எதுவும் அவ்வளவாக வலிப்பதில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, அது கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சர்க்கரை ஏறி உன் கீழ்ப்பற்கள் ஆடத் தொடங்கியபோது, காலடிப்பேட்டை பல் டாக்டர் ஈறைச் சுத்தம் செய்துவிட்டு, தினமும் பல்லிடுக்கில் நூல் விட்டு எடுக்காவிட்டால் பற்கள் தங்காது என்றார். துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் இரும்புக் கம்பி நசுக்கிய உன் வலது கையில் நூல் நிற்கவில்லை. அதனால் நான் விட்டேன். நான் ஆபீசிலிருந்து வந்ததும் நீ நாற்காலியில் அண்ணாந்து உட்கார்வாய். விரல்களில் நூலைச் சுற்றி, ஒவ்வொரு பல்லோரமாக இறக்குவேன்.

"இன்னாம்மா, என் வாயிலயே குடித்தனம் பண்ணுவ போலக்கீதே?"

"பேசாத நைனா, கடிச்சிடுவ."

"எம் வாயி, நான் பேசக்கூடாதா..."

மறுபடி விரலை விடுவேன்.

யாரிடமும் பேசாத நான் அந்தப் பத்து நிமிடம் மட்டும் பேசினேன். ஆபீசில் எல்லோரும் இங்கிலீஷில் சிரிப்பதை, மதியம் நான் தனியாகச் சாப்பிடுவதை. உன்னால் பதில் சொல்ல முடியாது. கண்ணை மட்டும் சிமிட்டுவாய்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம், நூலா, தண்ணீர் பீய்ச்சும் மிஷினா, எது நல்லது என்று கேட்டேன்.

"நூல் பல்லுல ஒட்டினத உரசி எடுக்கும். மிஷின் இடுக்குல தங்கினத அலசும். கை சரியில்லாதவங்களுக்கு மிஷின் வசதிதான். ஆனா நீதான் நல்லா விடுறியேம்மா, அப்புறம் எதுக்கு?"

மிஷின் வாங்கினேன்.

இடது கையாலேயே நீ பழகிக்கொண்டாய். சட்டையெல்லாம் நனையும். எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாய். "எம் பொண்ணு பாரு மாமு. நான் யார் கையையும் எதிர்பாக்கக் கூடாதுனு கரண்டு மிஷினு வாங்கியாந்துக்கீது."

அதற்காக வாங்கவில்லை, நைனா. உன் வாயின் நாற்றம் சோப்புப் போட்டும் என் விரலைவிட்டுப் போகவில்லை. ஆபீசில் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இதை உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சொல்வதற்கு எனக்கு இருந்த ஒரே நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். அதுவும் போய்விட்டது.

உன் இதயம் ஒரு மத்தியானம் நின்றது. பற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். பல மாதம் கழித்து என் விரல் உன் உதட்டில் பட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூட்டமாக இருந்தது. அரிசியைப் போட்டுவிட்டு, பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.

மாமா இன்னமும் தெருவில் என்னைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரை நிறுத்தி, "பெத்தா இந்த மாரி பெக்கணும்பா" என்கிறார். நான் சிரிக்கிறேன்.